'இன்ட்ரோ' என்னும் சொல்

கல்வியாண்டு தொடங்கும்போது ஒவ்வொரு மாணவரும் பெற்றோரும் ராகிங்குக்கு எதிரான உறுதிமொழிப் படிவத்தை நிரப்பித் தருகிறோம். அதே வாரத்தில் விடுதி அறைக் கதவு தட்டப்படுகிறது. தட்டுபவர் ராகிங் என்று சொல்வதில்லை. 'வந்து இன்ட்ரோ கொடு' என்கிறார்.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் இந்தச் சொல் என்னை உறுத்துகிறது. அறிமுகம் என்றால் இருவரும் பெயர் சொல்ல வேண்டும். 'இன்ட்ரோ'வில் புதியவர் மட்டுமே சொல்கிறார்; மூத்தவர் குறுக்கிடுகிறார், சிரிக்கிறார், மீண்டும் சொல்லச் சொல்கிறார். ஓராண்டு மூத்தவர் 'சார்' ஆகிவிட, புதியவர் 'டேய்' ஆகிறார். அடி விழுவதற்கு வெகுமுன்பே யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பது முடிவாகிவிடுகிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதையடுத்து, தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த இராகவன் குழு 2007இல் அறிக்கை அளித்தது. யுஜிசியின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லால் செய்யும் சீண்டலையும் ராகிங் என்றே வரையறுக்கின்றன. ஆயினும் 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவ்வழக்கில் கைதானவர்களுள் முன்னாள் மாணவரும் இருந்தார்.

புதியவர் ஏன் புகார் செய்வதில்லை? அச்சம் மட்டும் காரணமன்று. எந்த மெஸ் மலிவு, எந்த அலுவலகத்தில் உதவித்தொகைப் படிவம், பழைய வினாத்தாள்கள் யாரிடம் என எல்லாமே மூத்தவர்கள் கையில் இருக்கின்றன. வெளிமாநிலத்தில் படிப்பவருக்குத் தம் மொழிபேசும் மாணவர் அமைப்பே வீடாகிறது. வீட்டின்மீது எவர் புகார் கொடுப்பார்? அப்படியோர் அமைப்பில் நானும் நள்ளிரவில் 'இன்ட்ரோ' கொடுத்தேன். மறு ஆண்டு கேட்கவும் செய்தேன். அன்று என்முன் நின்ற தம்பி அதன்பின் எங்கள் கூட்டங்களுக்கு வரவேயில்லை. கூச்ச சுபாவம் என்று பேசிக்கொண்டோம். அவன் மௌனத்துக்கும் நாங்களே பெயர் வைத்தோம்.

ஆகவே தடுப்பு, மாணவர் அமைப்புகளுக்குள்ளேயே தொடங்க வேண்டும். புதியவருக்குத் தேவையான தகவல் முழுவதையும் சேர்க்கைக்கு முன்பே எழுதிப் பொதுவில் வைக்கலாம். அதற்காக எவர் அறைக்கும் அவர் போகத் தேவையிராது. வரவேற்புக் கூட்டம் பகலில், திறந்த அரங்கில், ஆசிரியர் அறிய நடக்கட்டும். புகாரைக் கேட்பவர் அமைப்புக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். படிப்பை முடித்தவர்கள் விடுதியில் தங்குவதை நிர்வாகம் நிறுத்தட்டும்.

'இதனால்தான் நெருக்கம் வளர்கிறது' என்பார்கள். மறுக்க முடியாதவரிடம் கிடைக்கும் இணக்கத்தை நெருக்கம் என்று எப்படிச் சொல்வது?

இந்த ஆண்டு இரண்டாமாண்டுக்கு வந்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: புதியவரைக் கண்டால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் தம் பெயரைச் சொல்லட்டும்.