எட்டாம் பொலிவெண்ணுக்கு ஆள் வேண்டும்

வானம் முழுவதையும் தானியங்கித் தொலைநோக்கிகள் இரவுதோறும் அலசத் தொடங்கிவிட்டன. சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் நமக்கு இனி என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் பெருகியிருக்கிறார்கள். குறுநோவாக்களைப் பொறுத்தவரை என் பதில் உறுதியானது. வெடிப்பு எவ்வளவு பிரகாசமோ, அவ்வளவுக்கு அந்த வேலை நம்முடையது. அசாசின் கேமராக்கள் 10, 11-ஆம் பொலிவெண்ணை எட்டும்போதே சாச்சுரேட் ஆகிவிடும். பாலமர் மலையின் இசட்டிஎஃப் கேமராவுக்கு 12-ஆம் பொலிவெண்ணே தாங்காது. சிலியின் ரூபின் தொலைநோக்கிக்கோ நாம் மங்கல் என்று சொல்லும் 15-கூட மிகை வெளிச்சம். வெடிப்பு தொடங்கிவிட்டது என்ற செய்தியை இவை தரலாம். உச்சத்தை அளந்து தர ஆறங்குலத் தொலைநோக்கியும் ஒரு வி ஃபில்டரும் வைத்திருக்கும் ஆள் வேண்டும்.

டபிள்யூஇசட் சகிட்டேயை எடுத்துக்கொள்வோம். 1913-லும் 1946-லும் 1978-லும் வெடித்த விண்மீன் அது. முதலில் நோவா என்றே கருதினார்கள். இடைவெளி 33 ஆண்டு, பிறகு 32 ஆண்டு என்றிருந்ததால் அடுத்தது 2010-ஐ ஒட்டித்தான் என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது. ஆனால் 2001 ஜூலை 23 அன்று ஜப்பானிய நோக்கர் ஓஷிமா அதை 9.7-ஆம் பொலிவெண்ணில் கண்டார். ஓரிரு நாளில் அது 8-ஐ நெருங்கியது. வழக்கமான 15-லிருந்து ஏழு படிகள், அதாவது 600 மடங்குக்கும் மேல். பத்தாண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்று எல்லோரும் இருந்திருந்தால் அந்த ஏறுமுகம் எவர் கையிலும் சிக்கியிருக்காது.

அதன்பின் கிடைத்தவை இன்றும் பாடம். முதல் பன்னிரண்டு நாள்போல ஒளிவரைகோட்டில் தெரிந்த இரட்டைக் கூம்புகள் சுற்றுக்காலமான 81.6 நிமிடத்தையே பின்பற்றின. பிறகு உண்மையான சூப்பர்ஹம்ப் தலைகாட்டியது. அதன் காலம் 82.4 நிமிடம். வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை. வெள்ளைக் குறுமீனைச் சுற்றும் வாயு வட்டு நீள்வட்டமாகி மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதற்கான சான்று அந்த முக்கால் நிமிடத்தில்தான் இருக்கிறது. மூன்றரை வாரம்போல நின்ற ஒளி சட்டென விழுந்தது. விண்மீன் அடங்கிவிட்டது என்று தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பியவர்கள் பெரிதாக இழந்தார்கள். அது மீண்டும் எழுந்தது, விழுந்தது. இப்படியே பன்னிரண்டு முறை. வட்டில் வாயு தேங்கி, சூடேறி, ஹைட்ரஜன் அயனியாகி உள்நோக்கிச் சரியும் கதை நமக்குத் தெரிந்ததே. இந்த மறுவெடிப்புகளை அந்தக் கதை முழுமையாக விளக்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

81.6-ஐயும் 82.4-ஐயும் பிரிக்க வேண்டுமானால் அளவீடு அறுபடாமல் ஓட வேண்டும். இங்கேதான் நம் தீர்க்கரேகை பேசுகிறது. ஜூலையில் ஜப்பானில் கிழக்கு வெளுக்கத் தொடங்கும்போது நமக்கு நள்ளிரவுகூட ஆகியிருக்காது. மேற்கு ஐரோப்பாவில் வானம் நன்றாக இருட்டும்போது நமக்கு அதிகாலை இரண்டு மணி தாண்டியிருக்கும். இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு சூப்பர்ஹம்ப் முழுதாக வந்து போய்விடும். அதைப் பிடிக்க ஆள் இல்லையென்றால், எத்தனை சுழற்சி கழிந்தது என்ற எண்ணிக்கையிலேயே குழப்பம் வரும். டபிள்யூஇசட் சகிட்டே நமக்கு ஏறத்தாழ உச்சிவானில் கடக்கும் விண்மீனும்கூட. ஜூலை மேகம் பெரிய தடைதான், மறுக்கவில்லை. இருந்தாலும் மேகம் விலகிய ஒன்றரை மணி நேரத் தொடர் அளவீடும் அந்த இடைவெளியில் விலைமதிப்பற்றது.

அந்த இரவில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கையில் இருக்கும் சார்ட் அமைதி நிலைக்காக எடுத்தது. அதிலுள்ள ஒப்பீட்டு விண்மீன்கள் எல்லாம் 14, 15. விண்மீன் 8-க்கு வந்துவிட்டால் ஒப்பிட எதுவுமே இருக்காது. 8, 9-ஆம் பொலிவெண் விண்மீன்கள் கேமராவின் சிறு சட்டகத்துக்கு வெளியே கிடக்கும். எனவே ஒவ்வொரு இலக்குக்கும் அகலமான இரண்டாவது சார்ட் ஒன்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரைக் குறைப்பது மட்டும் போதாது. ஓரிரு நொடிப் படங்களில் காற்றின் மினுமினுப்பே பெரிய பிழையாகிவிடும். ஃபோக்கஸைச் சற்றே தளர்த்தி, பத்துப் பதினைந்து நொடி வெளிச்சம் வாங்குங்கள். பிறகு மையப் பிக்சலின் எண்ணிக்கை கேமராவின் நேர்கோட்டு வரம்புக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: வெடித்த குறுநோவா நீலம் மிகுந்தது. ஒப்பீட்டு விண்மீன் சிவப்பாக இருந்து, ஃபில்டரும் போடாமல் எடுத்தால், இலக்கு மேற்கே சரியச் சரிய இல்லாத மங்கல் ஒன்று வரைகோட்டில் புகுந்துவிடும். சூப்பர்ஹம்பின் உயரமே 0.1, 0.2 என்ற அளவில் இருக்கும்போது இந்தச் சாய்வு சிறிய விஷயமல்ல. கணினிக் கடிகாரத்தையும் அன்று மாலையே இணையத்தோடு சரிபார்த்துவிடுங்கள்.

வெடிக்காத இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூ ஜெமினோரத்தை 1855 டிசம்பரில் ஹிண்ட் கண்டார். அது மங்கி மறைந்த பிறகு, 1856 மார்ச்சில் மீண்டும் எழுந்ததைக் கண்டவர் நார்மன் போக்சன். 1861-ல் சென்னை வானாய்வகப் பொறுப்புக்கு வந்த அதே போக்சன். நாம் பயன்படுத்தும் பொலிவெண் அளவுகோலைக் கணக்காக வகுத்துத் தந்தவரும் அவரே. எதுவும் தெரியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கம் இத்துறையின் தொடக்கத்திலிருந்தே வருகிறது. இன்று அதற்கு இன்னொரு பயனும் சேர்ந்திருக்கிறது. குறுநோவா ஒன்றின் பக்கம் ஹபிள் திரும்புமுன், அது அமைதியாகத்தான் இருக்கிறதா என்று அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தின் வழியாக நம்மைப் போன்றவர்களிடம் கேட்கிறார்கள். வெடிப்பின் புறஊதா வெளிச்சம் அதன் உணரிகளைக் கெடுத்துவிடலாம் என்பதே காரணம். '14.5-ஐவிட மங்கல், தெரியவில்லை' என்ற ஒரு வரி அங்கே ஒரு கருவியைக் காக்கிறது. அதே வரிதான் பின்னாளில் வெடிப்பு தொடங்கிய நேரத்தைக் குறுக்கித் தருகிறது. நம் வாசகர்கள் பலர் இந்த வரியைக் குறிப்பேட்டோடு விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆளுக்கு மூன்று குறுநோவாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று எஸ்எஸ் சிக்னி போல ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை எழுவதாக இருக்கட்டும், கை பழகும். மற்ற இரண்டும் பல ஆண்டுகளாக உறங்குபவையாக இருக்கட்டும். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்றைய பதிவை அன்றே சங்கத்தின் தரவகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.