சென்று தேய்ந்த எச்சரிக்கை

அலுவலக அறிக்கையை எழுத்தென்றே மதிக்காத வழக்கம் நம் இலக்கிய வட்டாரத்தில் உண்டு. நாம் அதை மறுக்கிறோம்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்ட சுமார் 82 நொடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதிற்று. ஆபத்துண்டா என ஆராய்ந்த போயிங் பொறியாளர்கள் நாசாவுக்குக் காட்டிய பவர்பாயிண்ட் பக்கமொன்றை விசாரணைக் குழு பின்னர் கடிந்துகொண்டது. அதன் தலைப்பு மேலாளர்க்கு ஆறுதல் தருவது. 'கணிசமான' என்று பொருள்படும் சொல் ஐந்து முறை வருகிறது, வெவ்வேறு பொருளில். வரிக்குள் வரியாகக் கீழிறங்கினால், எழுத்துச் சிறுத்த அடிவரியில்தான் செய்தி: சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதாக அவர்கள் கொண்ட அளவோ 1920. அதாவது 640 மடங்கு!

பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். ஒரு வரி இடம்மாறியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என நாம் சொல்ல வரவில்லை. அது கதாசிரியனின் ஆசை. ஆனால் கேள்வி எழுந்திருக்கும்.

நன்னூலார் குற்றம் பத்தினுள் வைத்த 'சென்று தேய்ந்து இறுதல்' இதுவன்றி வேறென்ன? முடிவைக் கடைசி வரியில் ஒளித்து வைக்கும் சிறுகதையாளனை நாம் மெச்சுகிறோம். அறிக்கையை வாசிப்பவரோ அடுத்த கூட்டத்துக்கு எழுந்துவிட்டவர். அவருக்கு முதலில் முடிவு, அடுத்து எண், பிறகு செய்யவேண்டியது. ஆய்வு நடந்த வரலாறு பின்னிணைப்பில் கிடக்கட்டும். அந்தப் பக்கத்தின் தலைப்பு இப்படி இருந்திருக்கலாம்: "எங்கள் சோதனை இத்துண்டுக்குப் பொருந்தாது, இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும்."