சர்வகலாசாலையில் போலீஸ்

குறுவைக்குத் தண்ணீர் வருமா என்னும் கவலையும், பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்னும் கவலையும் தஞ்சைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரே சமயத்தில் வந்து சேருகின்றன. மேட்டூர் அணை திறப்பதற்கென்று ஏற்பட்ட ஜூன் 12-ந் தேதியை ஒட்டித்தான் கல்லூரிச் சேர்க்கையும் நடைபெறுகிறது. பள்ளிக்கூடத்துக்கு மார்க் ஷீட் வாங்க வரும் பெற்றோர் முன்பெல்லாம் நம்மிடம், "எந்தப் படிப்புக்கு உத்தியோகம் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். இப்போது அதற்கு முன்னால் வேறொரு கேள்வி வருகிறது. "அங்கே காவல் எப்படி, ஸார்?" என்கிறார்கள்.

காரணமில்லாமல் கேட்கவில்லை. 2024 டிசம்பர் 23-ந் தேதி இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திற்கு உள்ளேயே, வெளியிலிருந்து நுழைந்த ஒருவன் ஒரு மாணவியைப் பலாத்காரத்துக்கு உள்ளாக்கினான். அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்தாள். போலீஸார் இரண்டு நாளில் ஆளைப் பிடித்தார்கள். 2025 ஜூன் 2-ந் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்து, 30 வருஷம் வரையில் சலுகை எதுவும் கூடாது என்றும் சொல்லிவிட்டது. நமது நாட்டில் வழக்குகள் நடக்கும் வேகத்தை அறிந்தவர்கள் இதை மெச்சவே செய்வார்கள்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பெண்ணை அடையாளம் காட்டும் விவரங்களுடன் முதல் தகவல் அறிக்கை ஊரெல்லாம் பரவிவிட்டது! ஐகோர்ட் தலையிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. புகாரைக் காக்கத் தெரியாவிட்டால், அடுத்த பெண் புகார் கொடுப்பாளா?

"கல்லூரிக்குக் கல்லூரி போலீஸை நிறுத்திவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கொள்ளிடத்துக்கு வடகரையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். 1965 ஜனவரி 27-ந் தேதி, ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது போலீஸார் சுட்டதில் ராஜேந்திரன் என்ற மாணவன் மாண்டான். 1971 ஆகஸ்டில், பட்டமளிப்பு தினத்தன்று, மாணவர்கள் மீது தடியடி நடந்தது. மறுநாள் உதயகுமார் என்னும் மாணவனின் உடல் குளத்தில் கிடந்தது. தடி தூக்கிய காவல் எந்தப் பெற்றோருக்கும் நிம்மதி தரவில்லை.

அப்படியானால் போலீஸே வேண்டாமா? அதே பல்கலைக்கழகத்தில், 1996 நவம்பரில், நாவரசு என்னும் முதலாண்டு வைத்திய மாணவன் ராகிங் கொடுமைக்குப் பலியானான். அவன் தகப்பனார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்தவர். அவருடைய மகனுக்கே அந்தக் கதி! அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. குற்றவாளியின் தண்டனையை 2011-ல் சுப்ரீம் கோர்ட் மீண்டும் நிலைநாட்டியது. வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கு விடுதி அறைக்குள் நடப்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் விடுதியை நடத்துகிறவர்களே.

காவிரியில் தண்ணீர் வராவிட்டாலும் பயிர் சாகும்; கரையை உடைத்துக்கொண்டு வந்தாலும் சாகும். மதகு வேண்டும், மதகைத் திறந்து மூட ஆள் வேண்டும். சர்வகலாசாலைக்கும் அப்படித்தான். 2013-ம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். 2015-ல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பாதுகாப்பைச் சாக்கிட்டு, பையன்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் புகுத்தலாகாது என்று அவை கூறுகின்றன. குற்றம் செய்தவன் எவனோ. மாலை ஆறு மணிக்கு அறைக்குள் அடைபடுகிறவள் நம் பெண்ணா?

ஆகவே, பெற்றோர் கல்லூரி முதல்வரிடம் தைரியமாய்க் கேட்கலாம். புகார்க் குழுவில் இருப்பவர் யார், யார்? அவர்கள் பெயர் மாணவிகளுக்குத் தெரியுமா? நூல் நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா? வெளியாள் உள்ளே வந்தால் கேட்பார் உண்டா? குற்றம் நடந்தால், கல்லூரியின் பெயர் கெடும் என்று மூடி வைப்பார்களா, போலீஸுக்குச் சொல்வார்களா? இவற்றுக்கெல்லாம் முதல்வர் நேராகப் பதில் சொன்னால், அந்தக் கல்லூரியை நம்பலாம்.

பெண்ணிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. "வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்று எத்தனையோ பெண்கள் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் துஷ்டர்களுக்கு நன்றாய்த் தெரியும். அதை வைத்தே மிரட்டுகிறார்கள். "என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல், அம்மா. அதற்காக உன் படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று பெட்டி கட்டும்போதே சொல்லி அனுப்புங்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் செய்யுங்கள். இந்த ஒரு காவலை எந்தச் சர்க்காராலும் ஏற்படுத்தித் தர முடியாது.