வேகத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது

பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள், வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் அருகே உள்ள திருப்புட்குழி மரகதவல்லித் தாயாரை வணங்குவது வழக்கம். பயறு முளைவிட்டால் வரம் கிடைத்தது என்று நம்பிக்கை. அந்தக் கோயிலுக்குப் போக பாலுசெட்டிச்சத்திரத்தில் இறங்க வேண்டும். அங்கே ஓடும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில்தான், அப்படித் தவமிருந்து பெற்ற பிள்ளைகள் நம்பர் பிளேட்டை மடக்கிவிட்டு, சைலன்சர் அலற, பைக்கில் பந்தயம் கட்டிப் பறக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 17 அன்று பக்கத்துத் தாமல் அருகே இதே சாலையில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் வீலிங் செய்து தூக்கி வீசப்பட்டார். கை எலும்பு முறிந்தது. பாலுசெட்டிச்சத்திரம் போலீஸார் கைது செய்தார்கள். அந்த பைக்கை எரித்துவிடலாம் என்று உயர் நீதிமன்றமே கடிந்துகொண்டது. அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு முடக்கப்பட்டது. அந்தக் கண்டிப்பு தேவையானதே. சாலை என்பது ஜரிகைக்கும் பாவுக்கும் காஞ்சிபுரம் போய்வரும் நெசவாளிக்கும், பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடக்கும் மூதாட்டிக்கும் சொந்தம். பந்தயம் கட்டியவன் விழுந்தால் அது அவன் தேடிக்கொண்டது. அந்த மூதாட்டி எந்தப் பந்தயத்துக்கும் சம்மதிக்கவில்லை.

சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். பதினெட்டு வயது நிரம்பாதவன் குற்றம் செய்தால் பெற்றோர் மூன்றாண்டு வரை சிறைக்குப் போகவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இத்தனை இருந்தும் சத்தம் அடங்கவில்லையே!

வேகத்தின் மேல் ஆசை வைப்பதே குற்றம் என்று நாம் நினைக்கவில்லை. அந்த ஆசைக்குத் தமிழ்நாட்டில் நல்ல பாரம்பரியமே உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் வந்தது. பாலுசெட்டிச்சத்திரத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் ஒரு மணி நேரப் பயணம். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார்.

டிராக்கில் எதிரே வண்டி வராது. ஆடு மாடு குறுக்கே வராது. ஓட்டுபவர் தோல் உடை அணிந்திருக்க வேண்டும். பிரேக்கையும், ஆயில் கசியாதபடி போல்ட்டைக் கம்பியால் கட்டியிருக்கிறதா என்பதையும் அதிகாரிகள் பார்த்த பிறகே பைக் உள்ளே போகும். ஒருவர் விழுந்தால் மஞ்சள் கொடி. அதைக் கண்டபின் யாரும் யாரையும் முந்தக் கூடாது. இவ்வளவு காவலிலும் உயிர் போகிறது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். அந்தப் பிஞ்சு வயதில் பந்தயத்துக்கு அனுமதிக்கலாமா என்ற கேள்வி நம் மனதை விட்டு அகலவில்லை. மருத்துவரும் ஆம்புலன்ஸும் காத்திருக்கும் இடத்திலேயே இந்தக் கதி என்றால், இருட்டில், டெயில் லைட் எரியாத லாரிகளுக்கு நடுவே வேறென்ன நடக்கும்?

டிராக்குக்கு ஏன் போகவில்லை என்று பையன்களைக் கேட்பது எளிது. கிளப்பில் சேரவும், பயிற்சி முடித்து, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் பந்தய லைசென்ஸ் வாங்கவும் வழி இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தோல் உடையின் விலை கேட்டே திரும்பிவிடுவார்கள். டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் தேர்வுச் சுற்று வைத்து, தேர்வானவர்களுக்குத் தாங்களே பைக் கொடுத்துப் பந்தயம் நடத்துகின்றன. தறி ஓசையில் வளர்ந்த பிள்ளையின் காதுக்கு அந்தச் செய்தி எட்ட வேண்டும்.

2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தை நடத்திக்காட்டியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். அதே ஆணையம் காஞ்சிபுரம், ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஐ.டி.ஐ.களிலும் கல்லூரிகளிலும் தேர்வுச் சுற்று நடத்தட்டும். தேறுகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சிக் கட்டணத்தையும் பாதுகாப்பு உடையையும் அரசே ஏற்கட்டும். அதன் பிறகும் சாலையில் சீறுகிறவரின் பைக்கைப் பறிமுதல் செய்ய பாலுசெட்டிச்சத்திரம் போலீஸார் ஒரு நிமிடமும் தயங்க வேண்டாம்.