கொழுப்பு யாருடையது?

லேக் கார்டன்ஸ் தேநீர்க் கடையில் நேற்று மாலை ஒரு நண்பர் சொன்னார்: "1857 என்பது வேறென்ன? புதிய துப்பாக்கியின் நுட்பம் விளங்காத சிப்பாய்கள், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று மிரண்டு செய்த கலகம்." தமிழ்ப் பதிவுகளிலும் இந்த ஏளனத்தை அடிக்கடி காண்கிறேன். நம் 'தோட்டா' வங்காளத்தில் 'டோட்டா'. சொல்லைப் போலவே இப்பழியும் இரு மொழிகளிலும் ஒன்றாகவே வழங்குகிறது.

சரி, நுட்பத்தையே பேசுவோம்.

1853 மாதிரி என்ஃபீல்டு, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. குழலின் நீளம் 39 அங்குலம். துளையின் விட்டம் 0.577 அங்குலம், ஒரு வெடிக்கு மருந்து 2.5 டிராம், அதாவது நாலரை கிராமுக்குச் சற்றே குறைவு. பழைய மஸ்கட்டுக்கு இதைவிட அதிக மருந்து வேண்டும். அதன் வழுவழுப்பான குழலில் குண்டு தளர்ந்து கிடக்கும். குண்டைச் சுற்றிய இடைவெளி வழியே வாயு வீணாகும். என்ஃபீல்டின் ஈயக் குண்டோ வெடித்த கணத்தில் விரிந்து, குழலின் சுழல்வரிகளைக் கவ்விக்கொள்ளும். ஆகவே குறைந்த மருந்தே போதும்.

குழல் ஏன் 39 அங்குலம்? நீண்ட குழலில் வாயு குண்டை அதிக நேரம் உந்தும் என்பது உண்மை. ஆனால் 33 அங்குலக் குழல் கொண்ட என்ஃபீல்டுகளும் படையில் இருந்தன. இரண்டு வரிசையாய் நின்று சுடுகையில் பின்னவனின் குழல்வாய் முன்னவனின் முகத்தைத் தாண்டி நீள வேண்டும். துப்பாக்கிமுனைக் கத்தி குதிரைவீரனை எட்ட வேண்டும். நீளத்தை முடிவு செய்ததில் அணிவகுப்புக்கும் பங்குண்டு.

இனி கொழுப்பு. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் கரியும் உப்புமாய்த் தங்கும். அது சுழல்வரிகளில் படிந்தால் அடுத்த குண்டு இறங்காது. எனவே தோட்டாத் தாளில் ஒரு பூச்சு தேவை, இதை மறுக்கவில்லை. ஆனால் அது விலங்குக் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த நுட்பமும் கட்டளையிடவில்லை. பின்னாளில் பிரிட்டிஷ் படையே தேன்மெழுகுக்கு மாறியது. அந்தத் தாளைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பதும் கவாத்து விதியே.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1853இலேயே வங்காளப் படையின் கர்னல் டக்கர், சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தாத பூச்சு வேண்டும் என்று எழுதினார். அது பொருட்படுத்தப்படவில்லை. எந்த விலங்கின் கொழுப்பு சேர்கிறது என்பதை உறுதிசெய்யவும் ஏற்பாடு இல்லை. 1857 ஜனவரியில் இந்நகரின் வடகோடியிலுள்ள டம்டமில் முணுமுணுப்பு எழுந்த பிறகே, பூச்சைச் சிப்பாய்களே தெரிவு செய்யலாம் என்றார்கள். அதற்குள் நம்பிக்கை முறிந்திருந்தது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார்.

அயோத்தி இணைப்பு, கடல்கடந்தும் பணிபுரிய வேண்டும் என்ற 1856 சட்டம் எனக் காரணங்கள் பல. தோட்டா அவற்றுள் ஒன்று. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் அடுத்து நடந்ததைப் பார்க்கட்டும்.

கலகம் அடங்கியபின் இந்தியப் படையினருக்கு என்ஃபீல்டைப் போலவே தோன்றும் வேறொரு துப்பாக்கி தரப்பட்டது. சுழல்வரிகள் இல்லை, துளை 0.656 அங்குலமாக அகன்றது. தொலைவுக்கேற்பக் குறியை மாற்றும் அமைப்பும் போயிற்று. வெளித்தோற்றத்தில் புதுமை, உள்ளே பழைய மஸ்கட். எட்டிச் சுடும் ஆற்றல் ஆள்பவன் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன நுட்பக் காரணம் சொல்ல முடியும்?

ஆகவே, சிப்பாய்க்கு நுட்பம் விளங்கவில்லை என்று இனி எழுதாதீர்கள். தன் வாய்க்குள் எது போகிறது என்று அவன் கேட்டது, துப்பாக்கியைப் பற்றிய மிகத் துல்லியமான கேள்வி. விடை தெரிந்தும் நான்கு ஆண்டுகள் வாளாவிருந்தவர்களிடம் இருந்ததற்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. அதுவும் கொழுப்புதான்.