மெக்கானிக்குக்கும் கன்சல்டிங் ஃபீஸ் கொடுங்க

1/
போன மாசம் கிளினிக்குக்கு ஒருத்தர் வந்தார். ஓசூர்ல இருந்து பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டறவர். வெறும் வயித்துல சுகர் 286.
"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"
"மூணு வாரமா இல்ல டாக்டர். வண்டியில கிளட்ச் போயிடுச்சு."
சுகருக்கும் கிளட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? இந்த த்ரெட் அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
ஃபர்ஸ்ட் கியரும் ரிவர்ஸும் விழ மறுத்திருக்கு. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டியிருக்கார். வண்டியை ஒரு ரவுண்டு கூட ஓட்டிப் பார்க்காம, "கியர்பாக்ஸ் இறக்கி கிளட்ச் செட் மொத்தமா மாத்தணும், 26,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. வண்டி வீட்டு வாசல்ல நின்னுடுச்சு. டியூ மட்டும் நிற்கல.
வீட்டுச் செலவைக் குறைக்கும்போது முதல்ல வெட்டு விழறது வலிக்காத நோயோட மாத்திரைக்குத்தான்.

3/
இதுல ஒரு கொடுமை. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கினதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான். பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிவு பண்ணினா போதும். இவர் பண்ணல. இதைப் படிக்கற யாராவது பண்ணாம இருந்தா, நாளைக்கே போங்க.

4/
இப்போ கிளட்ச். இன்ஜின் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கறது ஃப்ளைவீல். அதோட கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கறது பிரஷர் பிளேட். நாம பெடலை மிதிச்சா ரிலீஸ் பேரிங் போய்த் தள்ளும், பிடி விடும்.
ஆக, பெரிய கோளாறு ரெண்டே வகை. பிடிக்க வேண்டிய நேரத்துல பிடிக்காது. அல்லது விட வேண்டிய நேரத்துல விடாது. நம்ம வண்டி இதுல எதுன்னு தெரியாம பார்ட்ஸ் மாத்தறது, எக்ஸ்ரே எடுக்காம மாவுக்கட்டு போடற மாதிரி.

5/
பிடிக்கலைன்னா எப்படித் தெரியும்? கிருஷ்ணகிரியில இருந்து ஓசூர் வர்றப்போ மேலுமலை ஏத்தத்துல தெரிஞ்சிடும். நாலாவது கியர்ல ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கருகின வாடை வரும்.
சமதரையில ஹேண்ட்பிரேக்கை முழுசா போட்டு, மூணாவது கியர்ல கிளட்ச்சை விட்டா வண்டி உடனே ஆஃப் ஆகணும். ஆகாம இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்தா பிளேட் வழுக்குது. ஒரே ஒரு தடவைதான் பார்க்கணும், முன்னாடி யாரும் நிற்கக் கூடாது.

6/
விடலைன்னா? இன்ஜின் ஓடும்போது கியர் விழாது, கரகரன்னு உரசும். ஆஃப் பண்ணிட்டுப் போட்டா சுலபமா விழும். இதுக்குக் காரணம் உள்ளேயும் இருக்கலாம். ஆனா கேபிள் தளர்ந்திருக்கலாம், கிளட்ச் சிலிண்டர்ல ஆயில் ஒழுகலாம், லைன்ல காத்து புகுந்திருக்கலாம். முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலான வண்டிகள்ல கியர்பாக்ஸை இறக்காமலே பார்க்க முடியும்.

7/
சத்தத்துக்கும் அர்த்தம் இருக்கு. பெடலை மிதிச்சா சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங் மேல சந்தேகம். மிதிச்சா நின்னு, விட்டா வந்தா கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங். வண்டி கிளம்பும்போது உதறினா பிளேட்ல ஆயில் பட்டிருக்கலாம், இன்ஜின் மவுண்ட் கூட போயிருக்கலாம். நீங்க மெக்கானிக் ஆக வேண்டாம். "கிளட்ச் சரியில்ல"ன்னு சொல்றதுக்குப் பதிலா, "எப்போ, எப்படி"ன்னு சொன்னா பாதி நோய் தெரிஞ்ச மாதிரி.

8/
நம்ம டிரைவர் அண்ணனை மத்திகிரி பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிட்ட அனுப்பினேன். மேல சொன்ன ஹேண்ட்பிரேக் டெஸ்ட்ல வண்டி உடனே ஆஃப் ஆச்சு. பிளேட் பிடிக்குது. அடுத்து பானெட்டைத் திறந்தா பிரேக் ஆயில் அளவு குறைஞ்சிருக்கு. கீழே கிளட்ச் சிலிண்டர் ஈரம். புது சிலிண்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,400. அன்னைக்கு சாயந்திரமே வண்டி ரெடி.

9/
நான் இந்த த்ரெட் எழுதறதே அடுத்து நடந்ததுக்காகத்தான். சிலிண்டரை மாத்தறதுக்கு முன்னாடி, "பார்த்ததுக்கு எவ்வளவு அண்ணா?"ன்னு போன்ல கேட்டேன்.
"பார்க்கறதுக்கு எல்லாம் யார் சார் காசு தர்றாங்க? ஸ்பேர் மாத்தினாத்தான் எங்களுக்கு வருமானம்."
கோளாறே இங்கதான்.

10/
அந்த இருபது நிமிஷ மூளை வேலைதான் 23,600 ரூபாயை மிச்சப்படுத்துச்சு. அதுக்குக் கூலி பூஜ்யம். கியர்பாக்ஸ் இறக்கினா மட்டும் ஆயிரக்கணக்குல கூலி. அப்படின்னா எந்தப் பட்டறைக்காரர் நேரம் செலவழிச்சு நோயைத் தேடுவார்? முதல் ஒர்க்‌ஷாப்காரரைத் திருடன்னு நான் சொல்ல வரல. தேடாம இருக்கறதுக்குத்தான் நாம அவருக்குக் காசு தர்றோம்.

11/
என் தொழிலும் இதே லட்சணம்தான். "பயப்பட ஒண்ணும் இல்ல, மாத்திரை தேவையில்ல"ன்னு சொன்னா, "அப்புறம் எதுக்கு ஃபீஸ்?"ன்னு முகம் மாறும். அதே ஆளுக்கு ஸ்கேன் எழுதினா நல்ல டாக்டர். மருந்தும் டெஸ்டும்தான் வைத்தியம்னு நாம நம்பினதால, அதுதான் அதிகமா எழுதப்படுது. டாக்டர்களும் இதுக்குப் பொறுப்பு. எனக்கும் பங்கு இருக்கு.

12/
சிக்கனம்னு நினைச்சு எதிர்ப்பக்கம் விழுந்ததும் உண்டு. என் சொந்தக் கார்ல பிளேட் நிஜமாவே தேஞ்சப்போ, "பிளேட் மட்டும் போதும், பேரிங் அப்புறம் பார்க்கலாம்"னு நான்தான் சொன்னேன். ஏழு மாசத்துல பேரிங் கத்த ஆரம்பிச்சது. மறுபடி கியர்பாக்ஸ் இறக்கி, அதே கூலியை ரெண்டாவது தடவை கொடுத்தேன். வயித்தைத் திறந்தாச்சுன்னா உள்ளே செய்ய வேண்டியதை முடிச்சுட்டுத்தான் தைக்கணும். டாக்டருக்கே அது மறந்து போச்சு.
வழுக்கற கிளட்ச்சைத் தள்ளிப் போடவும் கூடாது. சூட்டுல ஃப்ளைவீலும் கெட்டா பில் இன்னும் ஏறும்.

13/
பண விஷயம். கிளட்ச் தேய்மானப் பொருள், பொதுவா வாரன்டியிலயும் இன்ஷூரன்ஸ்லயும் வராது. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து வண்டி உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு, பில்லுல பாருங்க. எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க, ஸ்பேர் தனி, கூலி தனி. கழட்டின பழைய பார்ட்டைக் காட்டச் சொல்லுங்க. பெரிய தொகைன்னா இன்னொரு இடத்துல காட்டுங்க. ஆபரேஷனுக்கு ரெண்டாவது டாக்டரைக் கேட்கறோமே, அதே மாதிரி.

14/
நம்ம பக்கம் கிளட்ச் சீக்கிரம் தேய காரணமும் தெரிஞ்சதுதான். அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டின்னு ஊர்ந்து போகும்போது பாதி கிளட்ச்லயே ஓட்டறோம். பெடல் கால் வைக்கற பலகை இல்ல. நின்னா நியூட்ரல். முடிஞ்சவங்க பொம்மசந்திராவுல வண்டியை விட்டுட்டு மெட்ரோ ஏறுங்க. மஞ்சள் லைன் 2025 ஆகஸ்ட்ல இருந்து ஓடுது.

15/
லேலண்டும் டிவிஎஸ்ஸும் வண்டி செய்யற ஊர் இது. கை நிறைய தொழில் தெரிஞ்சவங்க சந்துக்குச் சந்து இருக்காங்க. அடுத்த தடவை பட்டறைக்குப் போனா முதல் வார்த்தையா இதைச் சொல்லுங்க: "அண்ணா, எதையும் மாத்த வேண்டாம். என்ன கோளாறுன்னு மட்டும் கண்டுபிடிங்க, அதுக்கு 300 ரூபா தனியா தர்றேன்."
சொல்லிப் பாருங்க. ஆள் உட்கார்ந்து பார்க்கற விதமே மாறும்.

16/
டிரைவர் அண்ணன் போன வாரம் வந்தார். சுகர் 168. இன்னும் குறையணும், ஆனா மாத்திரை திரும்ப ஆரம்பிச்சுட்டார். மெக்கானிக்குக்கு 300 கொடுத்தீங்களான்னு கேட்டேன். "கொடுத்தேன் டாக்டர், வாங்கவே மாட்டேன்னார், பாக்கெட்ல வெச்சுட்டு வந்தேன்"னார்.