‘டக்’னு ஒரு சத்தம்... இடுப்பு வலி போயிடுமா? கர்ப்பிணிகளுக்கு கைரோபிராக்டிக் பாதுகாப்பானதா?

மேசையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார் ஒரு கர்ப்பிணி. இடுப்பில் கை வைத்து ஒரு அழுத்து. ‘டக்’ என்று சத்தம். எழுந்து சிரிக்கிறார். முப்பது செகண்ட் ரீல்ஸ் முடிந்தது. கீழே கமெண்ட்டில், “இது எங்க பண்றாங்க? எவ்ளோ ஆகும்?” என்று வரிசையாகக் கேள்விகள்.

இந்த வீடியோ யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான் விஷயம். யானைக்கவுனி, சவுகார்பேட்டை, மூலக்கொத்தளம் பக்கம் ஏழாவது, எட்டாவது மாதத்தில் இருக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். வால்டாக்ஸ் சாலையில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிப் போகணும். மாடி வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கணும். செக்கப்புக்குப் போய் “டாக்டர், இடுப்பு விட்டுப்போகுது” என்றால், “மாசமா இருந்தா அப்படித்தான்மா இருக்கும்” என்ற பதிலோடு பலரின் பேச்சு முடிந்துவிடும். ராத்திரி வலியில் தூக்கம் வராமல் போனை எடுத்தால், அந்த ‘டக்’ வீடியோ வந்து நிற்கிறது.

இது பாதுகாப்பானதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலம், டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கிய சிகிச்சை முறை இது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் வேகமாக அழுத்தி, திருப்பி ‘சரி’ செய்வதுதான் இதன் அடிப்படை.

அந்தச் சத்தம் எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மூட்டுகளுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாகும்போது வரும் சத்தம் அது. விரலில் சொடக்கு எடுத்தால் வருவதும் இதேதான். சத்தம் வந்தால் வலிக்குக் காரணமானது சரியாகிவிட்டது என்று அர்த்தம் கிடையாது.

வடசென்னைக்கு கை வைத்தியம் புதிதல்ல. சுளுக்கு எடுப்பவர்கள் ஏரியாவுக்கு ஒருவர் இருப்பார்கள். எலும்பு முறிந்தால் ஆந்திராவின் புத்தூருக்கு வண்டி ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கை இருக்கும் இடத்தில் ஏ.சி. ரூம், வெள்ளை கோட், இங்கிலீஷ் பெயரோடு இந்தச் சிகிச்சை வரும்போது சந்தேகம் வருவதில்லை.

கர்ப்ப காலத்தில் ஏன் இவ்வளவு வலி?

இது கற்பனை வலி அல்ல. வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடம்பின் எடை மையம் மாறுகிறது. அதைச் சமாளிக்க முதுகு பின்னால் வளைகிறது. இன்னொரு பக்கம், பிரசவத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. இடுப்பு எலும்பு வளையத்தில் வரும் வலி மட்டுமே சுமார் ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருவதாக பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. தளர்ந்த மூட்டுக்குத் தேவை பிடிமானம். அதை இன்னும் வேகமாகத் திருப்புவது எதிர்த்திசையில் போவது மாதிரி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிகிச்சை எடுத்த கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ஆபத்து வந்தது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் முதுகெலும்பைத் திருப்பும் சிகிச்சையால் வந்த பாதிப்புகளைத் தேடி, கைரோபிராக்டிக் துறையைச் சேர்ந்தவர்களே 2012-ல் ஒரு ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் பதிவாகியிருந்தது மொத்தம் 7 பெண்கள்.

எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பாதிப்புகளைப் பாருங்கள்: வலி அதிகமானதில் தொடங்கி எலும்பு முறிவு, தண்டுவடத்தைச் சுற்றி ரத்தக்கட்டு, பக்கவாதம் வரை. அதோடு, மருத்துவ இதழில் எழுதப்பட்டவை மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும். நம்மூரில் ஒரு கிளினிக்கில் ஏதாவது ஆனால் அது எங்கே பதிவாகும்?

சரி, பலன் உண்டா? கர்ப்ப கால முதுகு, இடுப்பு வலி பற்றி 2015-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 5,121 பெண்கள் பங்கேற்ற 34 ஆய்வுகளை அலசியது. உடற்பயிற்சி செய்தால் முதுகு வலி குறையலாம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருந்தது. கையால் செய்யும் சிகிச்சைகளுக்கு உறுதியான ஆதாரம் போதவில்லை.

பெரிய ஆபத்து எங்கே?

கழுத்தில். முதுகுக்கென்று போனாலும் சில இடங்களில் ‘ஃபுல் பாடி’ என்று கழுத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்பை ஒட்டியே போகின்றன. வேகமாகத் திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. அமெரிக்க மாடல் கேட்டி மே 2016-ல் 34 வயதில் பக்கவாதத்தால் இறந்தபோது, கைரோபிராக்டிக் சிகிச்சையில் கழுத்தைத் திருப்பியதில் ரத்தக் குழாய் கிழிந்ததே காரணம் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் பிரேதப் பரிசோதனை அதிகாரிகள் சொன்னார்கள். அவர் கர்ப்பிணி அல்ல. ஆனால் கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடும் என்பதை மறக்கக் கூடாது.

‘குழந்தையைத் திருப்பி விடுவோம்’ என்பது உண்மையா?

குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தால் ‘வெப்ஸ்டர் டெக்னிக்’ மூலம் திருப்பி, சிசேரியன் இல்லாமல் செய்துவிடலாம் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். இந்த முறையில் பயிற்சி கொடுக்கும் சர்வதேச கைரோபிராக்டிக் குழந்தைகள் நல அமைப்பே, இது குழந்தையைத் திருப்பும் சிகிச்சை அல்ல என்றுதான் சொல்கிறது.

28 வாரத்தில் பல குழந்தைகள் திரும்பாமல்தான் இருக்கும். பிரசவ நேரத்தில் 100-க்கு 3 அல்லது 4 குழந்தைகள்தான் அப்படியே இருக்கும். மீதி தானாகவே திரும்பிவிடும். ஏழாவது மாதம் சிகிச்சை எடுத்து ஒன்பதாவது மாதம் திரும்பினால் பெயர் சிகிச்சைக்குப் போய்விடுகிறது!

மருத்துவர்கள் வெளியிலிருந்து வயிற்றை அழுத்திக் குழந்தையைத் திருப்பும் முறை ஒன்று உண்டு. சுமார் பாதிப் பேருக்குப் பலன் தரும். ஆனால் அதை 36 வாரத்துக்கு மேல், ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்து, அவசர ஆபரேஷனுக்கு வசதி இருக்கும் மருத்துவமனையில்தான் செய்வார்கள்.

யார் கேட்பது?

பிரிட்டனில் 1994-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. கவுன்சிலில் பதிவு செய்யாதவர் கைரோபிராக்டர் என்று போர்டு மாட்ட முடியாது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமோ பதிவு கவுன்சிலோ கிடையாது. வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் படித்தவரும், சில வாரப் பயிற்சியில் சர்டிபிகேட் வாங்கியவரும் ஒரே போர்டு மாட்டலாம். யார் எவர் என்று நாம் பிரித்துப் பார்க்க வழியில்லை. பிசியோதெரபி அப்படியல்ல. பட்டப்படிப்பு இருக்கிறது, 2021-ல் வந்த மத்திய அரசுச் சட்டத்துக்குள்ளும் வருகிறது.

எந்த வலியை ‘சுளுக்கு’ன்னு விட்டுடக் கூடாது?

சிகிச்சையால் வரும் ஆபத்தை விட, சிகிச்சைக்குப் போவதால் வீணாகும் நேரம் சில சமயம் பெரிய ஆபத்து. குறைப்பிரசவ வலி முதலில் இடுப்பு வலியாகவே தெரியலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்:

• 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி
• ரத்தப்போக்கு, நீர் கசிவு
• காய்ச்சலோடு முதுகு வலி (சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம்)
• குழந்தையின் அசைவு குறைவது
• கால் மரத்துப் போவது, சிறுநீரை அடக்க முடியாதது
• கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்று வலி (ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம்)

ஏற்கெனவே கழுத்தில் சிகிச்சை எடுத்து, அதன்பின் தலைசுற்றல், வாய் குழறல், ஒரு பக்கம் பலவீனம் வந்தால் உடனே 108.

அப்போ வலிக்கு என்னதான் செய்வது?

இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். படுக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். குடம், சிலிண்டர் தூக்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். இடுப்பு பெல்ட்டை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடலாம்.

மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போடுவது வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் கர்ப்பத்தின் பிற்பாதியில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்திருக்கிறது.

யானைக்கவுனி பக்கம் இருப்பவர்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும், எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் பிசியோதெரபி பார்க்கலாம். மத்திய அரசின் திட்டப்படி மாதந்தோறும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவச சிறப்புப் பரிசோதனையும் உண்டு. சந்தேகம் என்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

அடுத்த முறை “மாசமா இருந்தா அப்படித்தான்” என்று சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டாம். “என்னால தூங்க முடியல, நடக்க முடியல. பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று நேரடியாகக் கேளுங்கள். கூடப் போகும் அம்மாவோ மாமியாரோ கணவரோ, அவருக்காகக் கேட்டாலும் சரிதான்.